மலைக் குளிரிலும் கொதிக்கும் கணினி

மலையகத்துக் குளிருக்குக் கணினி எங்கே சூடாகப் போகிறது என்ற நினைப்பு திம்புள்ளப் பக்கம் பலருக்கு உண்டு. வெளியே பனிமூட்டம் இறங்கி அறைக்குள் 18 பாகை செல்சியஸ் இருக்கும்போதே, உள்ளே புரொசெஸர் 90 பாகையைத் தொட்டுவிடலாம். சூடு காற்றுக்கு வந்து சேர வழி இல்லாவிட்டால் குளிர் இருந்தும் பயனில்லை. அந்த வழியைத் திறந்து வைப்பது தெர்மல் பேஸ்ட்.

புரொசெஸரின் மேல், அதன் சூட்டை வாங்கிக் காற்றுக்கு விடும் உலோகப் பகுதியான ஹீட் சிங்க் உட்காருகிறது. இரண்டின் பரப்பும் கைக்கு மழமழவென்று இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். மேடுகள் மட்டும் ஒன்றையொன்று தொட, பள்ளங்களில் காற்று தங்கிவிடும். வெப்பத்தைக் கடத்தும் திறனில் (W/m·K அலகில்) செம்பின் மதிப்பு ஏறக்குறைய 400. காற்றுக்கு வெறும் 0.026. சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஒக்சைட்டு, அலுமினிய ஒக்சைட்டு போன்ற தூள்களைக் குழைத்த பேஸ்டுக்குப் பொதுவாக 4 முதல் 10 வரை. செம்புக்கு முன் இது ஒன்றுமேயில்லை, காற்றைவிட நூறு மடங்குக்கும் மேல். ஆகவே காற்று இருந்த பள்ளத்தை நிரப்புவதோடு இதன் வேலை முடிகிறது. அள்ளிப் பூசினால் குளிர்ச்சி கூடாது, குறையும்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,380 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ 15 வீதம் குறைவு. காற்று ஐதாவதால் விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிச் செல்லும் சூடு குறையும். குளிர் தரும் அனுகூலத்தில் ஒரு பங்கை உயரம் பிடித்துக்கொள்கிறது. தொழிற்சாலையில் சல்லடை ஓடும் இடத்துக்குப் பக்கத்து அலுவலகம் என்றால், தேயிலைத் தூசு வேறு ஹீட் சிங்க் இடுக்குகளை அடைத்துவிடும்.

சூடாகி ஆறிச் சூடாகி ஆறியே சில ஆண்டுகளில் பேஸ்டின் எண்ணெய் பிரிந்து, மிஞ்சுவது சுண்ணாம்புப் பொருக்கு போலாகிவிடும். அப்போது விசிறி இரைச்சலிடும், கணினி மந்தமாகும், திடீரென்று அணையும். புதுக் கணினிக்குக் காசு சேர்க்கும் முன் தூசைத் தட்டி, பேஸ்டை மாற்றிப் பாருங்கள். ஹீட் சிங்கைக் கழற்றினால் பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு மட்டும் வையுங்கள். பழையதன் மேலேயே புதியதைப் பூச ஒருபோதும் விடாதீர்கள்.