செடிகொடிப் படத்தில் ஒரு சிறுதொழில்: ஜிக்சோ புதிரின் கணக்கு

ஒரு படத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பெட்டியில் போட்டு விற்பதும் ஒரு வியாபாரமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டரை நூற்றாண்டாக நடந்துவரும் வியாபாரம் இது. 1760களில் லண்டனைச் சேர்ந்த ஜோன் ஸ்பில்ஸ்பரி, உலக வரைபடங்களைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிக்கும் பொருளாக விற்றார். 1930களில் அமெரிக்காவில் பொருளாதார மந்தம் வாட்டியபோது அட்டையில் செய்த மலிவான புதிர்கள் அமோகமாக விற்றன. 2020இல் கொரோனா முடக்கத்தின்போதும் உலகெங்கும் இவற்றுக்குத் தட்டுப்பாடு வந்தது. கையில் காசு குறைந்து, வீட்டில் இருக்கும் நேரம் கூடும்போது, ஒரு பெட்டியில் பல நாள் பொழுது கிடைப்பதுதான் இதற்குக் காரணம்.

இதில் இன்று தனியிடம் பிடித்திருப்பவை தாவரப் படங்கள். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் உள்ள மரியான் நோர்த்தின் ஓவியங்கள் 1000 துண்டுப் புதிர்களாக வந்துள்ளன. 1870களில் இலங்கைக்கு வந்து களுத்துறையில் தங்கி நமது மரங்களையும் வரைந்து சென்ற பெண்மணி அவர்.

அண்மையில் திருக்கோவிலை அடுத்த வினாயகபுரத்துக்குச் சென்றிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தாம் வரைந்த படங்களைக் காட்டினார். அடம்பன் கொடி, தாழை, எருக்கு, பூவரசு, கண்ணா என்று எல்லாம் நமது கரையோரச் செடிகள். சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தை இதில் போடலாமா என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் படம். ஒரே பச்சையாக இருக்கும் தோட்டப் படம் புதிருக்கு உதவாது; துண்டுகளைப் பிரித்தறிய முடியாமல் வாங்கியவர் பாதியில் விட்டுவிடுவார். கட்டம் கட்டமாகப் பல செடிகள், ஒவ்வொன்றின் கீழும் மும்மொழியில் பெயர், பூவிலும் காயிலும் வேறுபட்ட நிறம் என்று அமைவதே நல்லது. பெயர் பிழைத்தால் செடி பிரியர்கள் மீண்டும் வாங்க மாட்டார்கள். சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் போன்ற இடங்களில் தாவரவியல் அறிந்தவர்களிடம் காட்டிச் சரிபார்ப்பது அவசியம். மனித, மிருக உருவங்கள் இல்லாத படம் என்பதால் முஸ்லிம் வீடுகளில் கோர்த்து முடித்துச் சுவரில் மாட்டவும் தயங்க மாட்டார்கள். இது விற்பனைக்கு ஒரு பலம்.

அடுத்தது உரிமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொதுவாக ஓவியரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. இணையத்தில் கண்ட படத்தை இறக்கி அச்சடிப்பது ஆபத்து. சொந்தமாக வரைந்தவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

மூன்றாவது செலவு. படத்தை அச்சிட்டுத் தடித்த அட்டையில் ஒட்டி, உருக்குத் தகடு வளைத்துச் செய்த 'டை'யால் அழுத்தி வெட்டுவது ஒரு முறை. டை செய்யும் செலவு 10 பெட்டிக்கும் ஒன்றுதான், 1000 பெட்டிக்கும் ஒன்றுதான். லேசரால் மெல்லிய பலகையை வெட்டுவது மற்ற முறை. இதில் டை இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் வெட்ட நேரம் பிடிப்பதால் பெட்டி ஒன்றின் அடக்கம் கூடும்.

உதாரணமாக, டை முதலான ஒருமுறைச் செலவு 60,000 ரூபா, பெட்டி ஒன்றின் அடக்கம் 600 ரூபா என்று வைப்போம். நேரே 1,200 ரூபாவுக்கு விற்றால் 100 பெட்டியில் முதல் திரும்பும். கடைக்காரருக்கு 900 ரூபாவுக்குக் கொடுத்தால் 200 பெட்டி விற்க வேண்டும். லேசரில் அடக்கமே 900 ரூபா ஆகிவிட்டால் கடைக்குக் கொடுப்பதில் இலாபமே இல்லை. ஆனால் 20 பெட்டி மட்டும் செய்து ஆள்பிடித்துப் பார்க்கலாம். ஆகவே லேசரில் சிறிதாகத் தொடங்கி, கேள்வி உறுதியான பின் டைக்குப் போவதே சீட்டுக் காசுக்குப் பாதுகாப்பு. வட்டிக்கு வாங்கி முதல் நாளே டை அடிப்பதை நான் ஒப்பமாட்டேன்.

சில சிறு விடயங்களும் உண்டு. ஒரு துண்டு குறைந்தாலும் முழுப் பெட்டியும் வீண். ஆகவே பெட்டி மூடுமுன் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பாருங்கள். கடற்கரைக் காற்றில் அட்டை ஈரம் பிடித்து ஊதும் என்பதால் துண்டுகளைப் பொலித்தீன் பையில் அடைக்க வேண்டும். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கையைப் பெட்டியில் அச்சிட மறக்கக் கூடாது.

பெருநாட்கள், பொங்கல், நத்தார், பாடசாலைப் பரிசளிப்பு ஆகியவையே இதற்கான விற்பனைக் காலங்கள். அவற்றுக்கு 3 மாதம் முன்பே மாதிரிப் பெட்டியுடன் பாடசாலை அதிபர்களையும் புத்தகக் கடைக்காரர்களையும் பார்த்து, முடிந்தால் முற்பணத்துடன் கட்டளை பெற்றுக்கொண்ட பின்பே வெட்டத் தொடங்குங்கள்.