உம்மாவின் தட்டிலும் ஒரு முட்டை

முட்டைக் குழம்பு வைக்கும் நாளில் நம் வீடுகளில் பங்கு எப்படிப் போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? வாப்பாவுக்கு முழு முட்டை, பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பாதி, உம்மாவுக்குக் குழம்பு மட்டும். அந்த உம்மா கர்ப்பிணியாகவோ பால் கொடுப்பவராகவோ இருந்தால், வீட்டில் முட்டை அதிகம் தேவைப்படுபவர் அவர்தான்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. நம் உடலால் தயாரித்துக்கொள்ள முடியாத 9 அமினோ அமிலங்களும் அதில் உண்டு. விலையோ கடையில் ஒரு டீக்குக் கொடுப்பதை விடக் குறைவு.

கொழுப்புக்குப் பயந்து மஞ்சள் கருவை ஒதுக்குகிறவர்கள் பலர். புரதத்தில் பாதிக்கு மேல் வெள்ளைக் கருவில்தான் இருக்கிறது. ஆனால் வைட்டமின் ஏ, டி ஆகியவையும், வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலினும் மஞ்சள் கருவில் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டுவதில் முட்டையை விட டால்டாவுக்கும் நெய்க்கும்தான் பங்கு பெரிது. (பிரியாணியை விட்டுவிட்டு மஞ்சள் கருவை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை!) ஆரோக்கியமானவர்கள் தினம் ஒரு முட்டை சாப்பிடலாம். சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘முட்டை சூடு’ என்று கைக்குழந்தைக்குக் கொடுக்காமல் இருப்பதும் சரியல்ல. ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளின் தினசரி உணவில் முட்டை, மீன், இறைச்சி போன்றவை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. நன்றாக வேகவைத்து மசித்து, முதலில் துளியளவு கொடுத்துப் பாருங்கள். உடம்பில் தடிப்போ வாந்தியோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் பச்சை முட்டையில் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். வெந்த முட்டையின் புரதமே உடம்பில் நன்றாகச் சேரும். அந்தப் பிள்ளைக்கு அவித்த முட்டையே கொடுங்கள்.

முட்டையில் நார்ச்சத்து கிடையாது. முருங்கைக்கீரை வதக்கும்போது இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் அந்தக் குறை தீரும். முட்டை குறைவாக இருக்கும் நாளில், உம்மா உட்பட எல்லார் தட்டுக்கும் அது போய்ச் சேரும்.