தயிர்ச் சட்டியில் வந்த வெட்டுக்கிளி

ஓப்பநாயக்கவில் எமது குர்ஆன் மத்ரஸாவுக்கு ஒரு நாள் அஸருக்குப் பின் சிறுவனொருவன் தயிர்ச் சட்டியைக் கையால் மூடிக்கொண்டு வந்தான். பின்னால் அவனுடைய உம்மா.

“ஹஸரத், வெட்டுக்கிளி ஹலாலெண்டு நீங்க சொல்லிக் குடுத்தீங்களாம். பொரிச்சுத் தாங்க உம்மாண்டு காலையிலிருந்து ஒரே அடம்.”

சொல்லிக் கொடுத்தது உண்மைதான். மீனும் வெட்டுக்கிளியும் அறுக்காமலே உண்ண ஆகுமானவை என்ற பாடத்தை முந்திய வாரம்தான் நடத்தியிருந்தேன். ஸஹாபாக்கள் போர்ப் பயணங்களில் வெட்டுக்கிளி உண்டதாக இப்னு அபீ அவ்ஃபா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஆனால் எல்லா வெட்டுக்கிளியும் ஒன்றல்ல என்பதை நான் சொல்லவில்லை. பிழை என்னுடையது.

சட்டியைத் திறந்தேன். விரல் நீளம். கருமை படர்ந்த சிறகுகளில் மஞ்சள் பொட்டுகள். கழுத்துப் பக்கம் மஞ்சள் முண்டுகள். சிறகை விலக்கினால் கறுத்த வயிற்றில் சிவப்பு வளையங்கள். தொட்டதும் நெஞ்சுப் பகுதியிலிருந்து நுரை தள்ளியது. கெட்ட வாடை! இதுதான் மஞ்சள் புள்ளி வெட்டுக்கிளி. அந்த நுரை கசப்பானது, நச்சுத்தன்மை உடையது. பளிச்சென்ற நிறங்கள் பறவைகளுக்கு அது விடுக்கும் எச்சரிக்கை.

சகோதரிகளே, 2020 மே மாதக் கடைசியில் குருநாகல் மாவட்டத்தின் மாவத்தகமையில் இவை கூட்டமாகத் தோன்றியது நினைவிருக்கும். ஆபிரிக்காவையும் பாகிஸ்தானையும் ராஜஸ்தானையும் அப்போது வாட்டிக்கொண்டிருந்த பாலைவன வெட்டுக்கிளிதான் இங்கும் வந்துவிட்டதென்று பலர் நடுங்கினார்கள். அதுவல்ல, இது இந்நாட்டில் முன்பே உள்ள இனம் என்று விவசாயத் திணைக்களம் தெளிவுபடுத்தியது. பாலைவன வெட்டுக்கிளி காற்றோடு ஒரே நாளில் நூறு கிலோமீற்றருக்கு மேலும் பறக்கும். அரபு நாட்டவர் உண்டு பழகியதும் அதைத்தான். நம்முடையதோ சோம்பேறி, சிறு தூரம் பறந்து உட்கார்ந்துவிடும். ஆனாலும் தென்னை, கமுகு, வாழை, பலா என்று இலைகளைத் தின்னும்.

அந்த உம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: உடலுக்குக் கேடு தருவதை உண்ணக் கூடாது என்பதும் ஃபிக்ஹில் உள்ள சட்டமே. ஆகவே இதைப் பொரிக்க வேண்டாம். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் பிள்ளை கண்ணைக் கசக்க விடவும் வேண்டாம். தோட்டத்தில் கூட்டமாகக் கண்டால், அவை மந்தமாக இருக்கும் அதிகாலையில் கையில் பையை மாட்டிப் பிடித்து, சவர்க்கார நீரில் போட்டால் போதும். சிலர் மண்ணெண்ணெய்ப் பந்தம் கொளுத்துகிறார்கள். உயிரை நெருப்பால் வதைப்பது நமக்குத் தடுக்கப்பட்டது, கமுகுக்கும் கேடு. முட்டையை மண்ணுக்குள் இடுவதால், மரத்தடி மண்ணைக் கிளறிவிடுவதும் பயன் தரும்.

பையனுக்கு முகம் வாடிவிட்டது. “அப்ப மற்ற வெட்டுக்கிளி, ஹஸரத்?” என்றான்.

“அதுக்கு நீ அரபு நாட்டுக்குத்தான் போகணும்” என்றேன். உம்மா சிரித்துவிட்டார். தயிர்ச் சட்டியை மட்டும் மூன்று தரம் கழுவச் சொல்லி அனுப்பினேன்.