மின்வலைக்கு இசையும் கட்டடங்கள்

நெல்லைப்போலக் களஞ்சியத்திற் சேர்த்துவைத்து வேண்டியபொழுது அள்ளிக்கொள்ளுதல் மின்சாரத்தின்கண் எளிதன்று. பிறப்பிக்கப்படுவதும் செலவாவதும் கணந்தோறும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் மின்னோட்டத்தின் மீடிறன் (இலங்கையிற் செக்கனுக்கு 50 சுற்று, அமெரிக்காவில் 60) தன் நிலையினின்றும் வழுவும். வழு எல்லை கடப்பின் நாடே இருளில் ஆழவுங் கூடும். இவ்வொப்பினைக் காக்கும் பொறுப்பு நெடுங்காலம் மின்னிலையங்களையே பெரிதுஞ் சார்ந்திருந்தது. கட்டடங்களும் தாமாகவே அதிற் பங்குகொள்ளச் செய்யும் முயற்சிக்குக் கலிபோர்ணியாவில் நேர்ந்த நெருக்கடி பெருந் தூண்டுகோலாயிற்று.

2000, 2001ஆம் ஆண்டுகளில் அங்கு பகுதி பகுதியாக முறைவைத்து மின் துண்டிக்கப்பட்டது. (வணிகர் சிலரது சூழ்ச்சியும் அதற்கொரு காரணமென்பது பின்னர் வெளியாயிற்று.) 2002இல் லோறன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூடம் ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் வங்கி, உணவுப்பொருள் அங்காடி, பல்கலைக்கழக நூலகம் முதலிய ஐந்து இடங்களிற் சோதனை நிகழ்ந்தது. கற்பனை விலையொன்று இணையத்தின்வழி அனுப்பப்பட்டது; விலை உயர்ந்ததும் கட்டடத்துக் கணினி மனிதர் கைபடாமலே செலவைக் குறைத்தது. இம்முயற்சியினின்றும் வளர்ந்த 'ஓப்பன் ஏ.டீ.ஆர்.' என்னும் செய்திமுறை இன்று பன்னாட்டு நியமமாய் விளங்குகின்றது.

செய்தியைப் பெறுதல் எளிது. பெற்றபின் கட்டடம் யாது செய்தல் வேண்டும் என்பதே மென்பொருள் ஆக்குவோர் எதிர்நோக்கும் வினா. விளக்குகளை அணைப்பின் உள்ளிருப்போர் உடனே முறையிடுவர். வளிச்சீராக்கிக்கு விதித்த வெப்பநிலையை இரண்டொரு பாகை உயர்த்தினாலோ, சுவரும் தளமும் முன்னரே ஏற்ற குளிர்ச்சி சிறிது நேரம் அவர்களைத் தாங்கும். ஆயின் வேண்டுகோள் முடிந்தவுடன் இயந்திரங்கள் யாவும் ஒருங்கே விரைந்தெழுமாயின், தவிர்க்க முயன்ற உச்சத்துக்கு ஈடாக மற்றோர் உச்சந் தோன்றலாம். ஆதலின் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புதல் வேண்டும்.

இவற்றினும் நுண்ணியது கட்டளைகளின் வரிசை. ஒரே விசிறிக்குப் பலர் ஒரே வேளையிற் கட்டளையிடலாம். 1995இல் அமெரிக்காவில் வெளியான 'பக்நெற்' என்னும் நியமம் அக்கட்டளைகளைப் பதினாறு படிகளில் நிறுத்துகின்றது. முதலிரு படிகளும் உயிர்க்காப்புக்குரியன. எட்டாம் படி மேற்பார்வையாளரின் கைக்கட்டளைக்குரியது. மின்வலையின் வேண்டுகோள் இவற்றின் கீழேயே அமைதல் தகும். தீ மூண்டவிடத்துப் புகையை வெளியேற்றும் விசிறியை மின்சேமிப்பின் பொருட்டு நிறுத்தும் மென்பொருள், எத்துணைத் திறமுடையதாயினும் கொலைக்கருவியே.

மேற்படியிலுள்ள கட்டளை விலக்கப்பட்டதும் அடுத்த படியில் நிற்பது தானே அதிகாரம் பெறும். வழுக்கள் பல நேர்வது இவ்விடத்திலேதான். மென்பொருள் தன் கட்டளையை விலக்க மறப்பின், வேண்டுகோள் முடிந்து நாட்கள் பல சென்றபின்னும் அறை வெம்மையிற் கிடக்கும். மேற்பார்வையாளர் என்றோ இட்ட கைக்கட்டளையை மீட்க மறப்பின், கீழ்ப்படியில் வரும் வேண்டுகோள் யாவும் செவிடன் காதில் ஊதிய சங்கேயாம். மின்வலையோ அக்கட்டடம் உதவுமென நம்பியிருக்கும். ஆகவே கட்டளைதோறும் காலவெல்லை குறித்தலும், தொடர்பு அறுந்துழிக் கட்டடம் தன் வழக்கமான நடைக்கு மீளுமாறு அமைத்தலும், உதவி மெய்யாகவே கிடைத்ததா என்பதை மின்மானியைக்கொண்டு சரிபார்த்தலும் மென்பொருள் ஆக்குவோரின் கடமைகளாகின்றன.