ஊருக்குச் சொந்தமாக மின்சாரம்: ஓடந்துறைக் கணக்கு



பஞ்சாயத்துச் செலவுகளில் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போவது மின்சாரக் கட்டணம். தோட்டத்து மோட்டாருக்கு இலவச மின்சாரம் உண்டு. குடிதண்ணீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் பஞ்சாயத்துதான் கட்ட வேண்டும். 'ஏனுங்க, நம்ம ஊருக்கு வேண்டிய மின்சாரத்தை நாமே எடுத்தா என்ன?' என்று கேட்பீர்கள். எடுக்கலாம். மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறைப் பஞ்சாயத்து எடுத்தே காட்டியது. 1996-ல் அங்கே தலைவராக வந்தவர் ஆர். சண்முகம்.

முதலில் 2003-ல், குடிதண்ணீர் இறைப்பதற்காக 9 கிலோவாட்டு விறகுவாயு இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். இது ஒன்றும் மாயமில்லை. கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றைக் குறைத்துக் கொடுத்தால் விறகு கொழுந்து விட்டு எரியாமல் புகையும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் இருக்கின்றன, இரண்டும் எரியக்கூடியவை. புகையைக் குளிரவைத்து, தாரையும் தூசியையும் வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் எஞ்சின் ஓடும், ஜெனரேட்டர் சுற்றும்.

ஒரு யூனிட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ காய்ந்த விறகு வேண்டும். 9 கிலோவாட்டு இயந்திரம் முழுப் பாரத்தில் ஐந்து மணி நேரம் ஓடினால் 45 யூனிட். அப்படியானால் தினம் 45 முதல் 67 கிலோ விறகு. தேங்காய்த் தொட்டி, மல்பெரிக் குச்சி, மரமில் கழிவு எல்லாம் ஆகும். ஆனால் ஈரம் ஆகவே ஆகாது. ஐப்பசி மழையில் நனைந்த குச்சியைப் போட்டால் தார் கட்டி எஞ்சின் வால்வு ஒட்டிக்கொள்ளும். விறகை வாங்கி, உலர்த்தி, துண்டு போட்டு, வடிகட்டியைக் கழுவ ஓர் ஆள் தினமும் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதுதான் பலபேர் செய்கிற தப்பு. இன்னொன்று, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாத விஷம். இயந்திரத்தை நாலு பக்கமும் திறந்த கொட்டகையில்தான் வைக்க வேண்டும்.

பீகாரில் மின்கம்பி எட்டாத ஊர்களில் 2007 முதல் இதே முறையில் நெல் உமியை வாயுவாக்கி, தனிக் கம்பி இழுத்து, வீடுகளுக்கு விளக்குப் போட்டார்கள். நம் பக்கம் கதை வேறு. பைக்காரா மின்சாரம் 1932-லேயே கீழே இறங்கிவிட்டது. கம்பி இருக்கிற ஊரில் இன்னொரு கம்பி இழுப்பது வீண் செலவு என்றே எனக்குப் படுகிறது. ஓடந்துறைக்காரர்களும் அடுத்த அடியை வேறு பக்கம் வைத்தார்கள்.

2006-ல் ஒரு காற்றாலை வாங்கினார்கள். தங்கள் ஊரில் அல்ல, உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கேதான் நன்றாக வீசும். அங்கே உண்டாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் சேர்ந்துவிடும். ஊருக்கு வருவது கணக்கு. 350 கிலோவாட்டு ஆலை, விலை 1.55 கோடி ரூபாய். பஞ்சாயத்துச் சேமிப்பு 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன். வருடம் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊர்த் தேவை 4.5 லட்சம். மிச்சத்தை வாரியத்துக்கு விற்றார்கள். ஆலை வருமானத்திலேயே கடனும் அடைந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 350 கிலோவாட்டு ஆலை ராத்திரி பகல் பாராமல் வருடம் பூராவும் முழு வேகத்தில் சுற்றினால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேலே வர வேண்டும். வந்ததோ நூற்றுக்கு 22 பங்கு. இது குறையில்லை, காற்றின் குணமே அதுதான். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அடிக்கும், மற்ற மாதம் மந்தம். விற்பனைக்கு வருகிறவர் 30 லட்சம் யூனிட் என்று வாயால் சொன்னால், பக்கத்து ஆலைகளின் மூன்று வருட மீட்டர் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

கூடவே ஊரின் பன்னிரண்டு மாத மின் ரசீதுகளையும் மாதவாரியாக எழுதிப் பாருங்கள். மோட்டார் அதிகம் ஓடும் பங்குனி, சித்திரையில் காற்று இருக்காது. அந்த மாதங்களில் எடுக்கிற மின்சாரத்தை, காற்றுக் காலத்தில் கொடுத்ததோடு கழித்துக்கொள்ள இப்போதைய விதி இடம் தருகிறதா என்று மின்வாரியத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். வங்கிப் படி ஏறுவது அதற்கு அப்புறமுங்க.