ஊசியைத் தவிர்க்க விரும்பும் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல்: வீட்டாரும் அறிய வேண்டியவை

ஆண் இயக்குநீர் குறைந்திருக்கிறது, மருந்து தேவைப்படும் என்று சொன்னதும் எங்கள் பிரிவில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "ஊசி இல்லாமல் வேறு வழி உண்டா?" என்பது. இரண்டாவது கேள்வி குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும்: "வீட்டில் தெரிய வேண்டுமா, டாக்டர்?" முதல் கேள்விக்கு இன்று நல்ல விடை இருக்கிறது, தோலில் தடவும் ஜெல் அது. ஆனால் அந்த விடையைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே இரண்டாவது கேள்விக்கும் விடை முடிவாகிவிடுகிறது. வீட்டில் தெரிந்தே ஆக வேண்டும். ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

டெஸ்டோஸ்டிரோன் விரைகளில் சுரக்கும் இயக்குநீர். மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ஆணையிட, வளர்ந்த ஆணின் உடல் அதை நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம் வரை உற்பத்தி செய்கிறது. மீசை, தாடி, குரல், பாலுணர்வு ஆகியவற்றோடு தசையின் வலிமை, எலும்பின் உறுதி, சிவப்பணுக்களின் உற்பத்தி ஆகியனவும் அதைச் சார்ந்தவை. பழுது விரையில் இருக்கலாம்: பிறவியிலேயே ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக அமைந்த கிளைன்ஃபெல்ட்டர் நிலை, விதைப்பைக்குள் இறங்காத விரை, வயது வந்தபின் தாக்கிய பொன்னுக்கு வீங்கி, புற்றுநோய்க்குப் பெற்ற கதிர்வீச்சு. ஆணையிடும் பிட்யூட்டரியிலும் இருக்கலாம்: கட்டி, அறுவை, தலைக்காயம். இவை தவிர, நம் பகுதியில் மிகுதியாகக் காண்பது நீரிழிவும் உடற்பருமனும் சேர்ந்த நிலை. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த இயக்குநீர் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இவர்களில் பலருக்கு எடை குறைந்தாலே அளவு ஓரளவு உயரும். ஆதலால் முதல் மருந்து ஜெல்லும் அன்று, ஊசியும் அன்று.

பரிசோதனையைப் பற்றி ஒன்று. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பிற்பகலில் இறங்கும். கீழப்பழுவூரிலிருந்தோ திருமானூரிலிருந்தோ பேருந்து பிடித்து, சீட்டு வாங்கி, நண்பகலில் இரத்தம் கொடுத்தால் நலமான ஆணுக்கும் அளவு குறைந்து தோன்றக்கூடும். வெறும் வயிற்றில், காலை 10 மணிக்குள், வெவ்வேறு நாள்களில் இரு முறை எடுக்க வேண்டும். இரு முறையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அதற்குரிய அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்று கொள்கிறோம். விறைப்பின்மை ஒன்றை மட்டும் வைத்து இம்மருந்தைத் தொடங்குவதில்லை. அது பெரும்பாலும் இரத்தக்குழாய், நரம்பு, மனம் சார்ந்தது. விடுதி அறையில் மாதம் ஒரு நாள் வந்து போகும் 'ஆண்மை' வைத்தியர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அவர்களிடம் ஏமாந்தபின் இங்கு வருவோர் பலர்.

இனி ஊசியைப் பற்றி. டெஸ்டோஸ்டிரோனை 1935ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் செயற்கையாகவும் உருவாக்கினர். அன்றுமுதல் இருக்கும் சிக்கல், அதை அப்படியே விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும் என்பது. எனவே எண்ணெயில் கரைத்துத் தசையில் செலுத்தும் முறை நிலைபெற்றது. நான்கு வகைச் சேர்மங்கள் கலந்த 250 மில்லிகிராம் ஊசியின் எண்ணெய் நம் மானாவாரி நிலத்தில் விளையும் அதே நிலக்கடலையின் எண்ணெய்தான். கடலை ஒவ்வாமை உடையவர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீண்டகாலம் நிற்கும் 1000 மில்லிகிராம் ஊசி ஆமணக்கு எண்ணெயில் கரைக்கப்பட்டது. 10 முதல் 14 வாரங்களுக்கு ஒரு முறை, 4 மில்லிலிட்டர், பிட்டத்தில் மெதுவாகச் செலுத்துவோம். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை போடும் ஊசியில் முதல் சில நாள்கள் அளவு மிக உயர்ந்து, பின்பு சரியும். ஊசி போட்ட வாரம் சுறுசுறுப்பும் சினமும், அடுத்த ஊசிக்கு முந்தைய வாரம் சோர்வும் என்று சிலர் கூறுவது கற்பனையன்று.

ஜெல் இந்த ஏற்ற இறக்கத்தைத் தவிர்க்கிறது. ஒரு விழுக்காட்டு ஜெல்லின் 5 கிராம் உறையில் 50 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் உண்டு. அதில் பத்தில் ஒரு பங்கே, அதாவது சுமார் 5 மில்லிகிராமே, உடலுக்குள் செல்கிறது. உடல் தானே சுரக்க வேண்டிய அளவும் ஏறத்தாழ அதுவே. தோலின் மேலடுக்கு அதை வாங்கி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. ஒவ்வொருவர் தோலும் ஒரே அளவு உறிஞ்சுவதில்லை; சிலருக்கு ஜெல் போதாமல் ஊசிக்கே திரும்ப நேர்வதுண்டு. செலவும் ஊசியைவிடக் கூடும். நாள்தோறும் தவறாமல் தடவ வேண்டும். இவ்விரண்டையும் ஏற்க முடியாதவருக்கு ஜெல்லை நான் வற்புறுத்துவதில்லை.

மேலே சொன்ன கணக்கில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பத்தில் ஒரு பங்கு உள்ளே செல்கிறது என்றால், மீதி எங்கே? தோலின் மீதே இருக்கிறது. தொடுபவர் கைக்கும், சாய்பவர் கன்னத்துக்கும், துடைக்கும் துண்டுக்கும் அது செல்லும்.

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்து வந்த தந்தை சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு திண்ணையில் அமர்கிறார். ஓடிவரும் பிள்ளை தோளில் ஏறுகிறது. இரவில் மார்பில் தலைவைத்து உறங்குகிறது. கோடையில் அரியலூர் வெக்கைக்கு வீட்டுக்குள் சட்டை அணியும் ஆண்கள் குறைவு. ஜெல் தடவும் இடங்களோ தோள், மேற்கை, வயிறு ஆகியவை. பிள்ளை தொடும் இடங்களும் அவையே.

இது வெறும் அச்சமன்று. 2009இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள எட்டுக் குழந்தைகளுக்கு இவ்வாறு பிறர் தோலிலிருந்து மருந்து சென்றதாக வந்த அறிக்கைகளை ஆராய்ந்து, ஜெல் உறைகளின் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட ஆணையிட்டது. அக்குழந்தைகளிடம் பிறப்புறுப்பு பெரிதாதல், அந்தரங்கப் பகுதியில் காலத்துக்கு முந்திய முடி, முரட்டுத்தனம், எலும்பு வயதை மீறி முதிர்தல் ஆகியன காணப்பட்டன. தொடர்பு நின்றபின் பெரும்பாலான மாற்றங்கள் தணிந்தன. ஆனால் சிலரிடம் உறுப்பின் வளர்ச்சியும் எலும்பின் முதிர்ச்சியும் முழுமையாகத் திரும்பவில்லை. எலும்பு முந்தி முதிர்ந்தால் வளர்ச்சியும் முந்தி நின்றுபோகலாம். குழந்தையின் உயரம் இதில் அடங்கியிருக்கிறது.

மூன்று வயதுப் பெண்குழந்தைக்கு அந்தரங்கத்தில் முடி தோன்றினால் எந்தத் தாயும் பதறுவாள். தந்தை ஜெல் தடவுவது அவளுக்குத் தெரிந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்வாள். தெரியாவிட்டால் குழந்தைக்கு அடிக்கடி இரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, கட்டியோ என்று அஞ்சி மாதங்கள் கழியும். காரணம் பீரோவில் மறைத்து வைத்த உறையாக இருக்கும். மனைவியிடம் மறைத்து ஜெல் பயன்படுத்தக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். மறைத்தே ஆக வேண்டும் என்பவருக்கு ஊசியே பாதுகாப்பானது.

மனைவிக்கும் இது பொருந்தும். முகத்தில் முடி, பரு, மாதவிடாய் மாற்றம் ஆகியன தோன்றலாம். கருவுற்றிருப்பவர் மருந்து தடவிய தோலையோ உறையையோ தொடவே கூடாது. வயிற்றில் வளர்வது பெண்சிசுவாக இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்காகக் கணவரைவிட்டு ஒதுங்க வேண்டியதில்லை. சில பழக்கங்கள் போதும்.

காலையில் குளித்து, தோல் நன்றாக உலர்ந்தபின், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தடவுங்கள். விதைப்பையிலும் ஆணுறுப்பிலும் தடவக் கூடாது. சில நிமிடங்கள் காயவிட்டுச் சட்டை அணியுங்கள். பனியன் மட்டும் போதாது, அது தோளை மூடுவதில்லை. உடனே சோப்பிட்டுக் கை கழுவுங்கள். பிள்ளையைத் தூக்குவது அதன் பிறகு. ஒரு விழுக்காட்டு ஜெல் தடவியபின் ஐந்து மணி நேரமாவது குளிக்க வேண்டாம். விடியலில் வயலுக்குச் சென்று பத்து மணிக்குப் பம்புசெட்டில் குளிப்பவர் அந்தக் குளியலுக்குப் பிறகு தடவலாம். சிமெண்ட் ஆலையில் இரவுப்பணி செய்பவர் வேலைக்குக் கிளம்புமுன் தடவிச் செல்வது வீட்டுக்கும் நல்லது. எந்த நேரமாயினும் நாள்தோறும் அதே நேரமாக இருக்கட்டும். மாலையில் பிள்ளையை மார்பில் போட்டுக்கொள்ளுமுன், மனைவியோடு நெருங்குமுன், தடவிய இடத்தைச் சோப்பிட்டுக் கழுவிவிடுங்கள். துண்டும் படுக்கை விரிப்பும் தனியாக இருக்கட்டும். வீட்டார் தோலில் பட்டுவிட்டால் உடனே சோப்பும் நீரும் போதும். ஜெல்லில் சாராயச் சத்து உண்டு. காயும் முன் பீடி பற்றவைப்பதோ விளக்கு ஏற்றுவதோ அடுப்பருகே நிற்பதோ தீவிபத்தில் முடியும்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி தன் ஆணையை நிறுத்திக்கொள்ளும்; விரைகள் ஓய்ந்து விந்தணு உற்பத்தி குன்றும், சிலருக்கு முற்றிலும் நின்றுபோகும். 'ஆண்மைக்கு மருந்து' என்று நம்பித் தடவியவருக்கே குழந்தைப்பேறு தடைபடும் முரண் இது. குழந்தை வேண்டுவோர்க்கு ஜெல்லும் கூடாது, டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் கூடாது. பிட்யூட்டரியில் பழுது உள்ளவர்களுக்கு விரைகளைத் தூண்டும் வேறு ஊசிகள் உண்டு. ஊசியை வெறுத்து வந்தவர் அப்போது ஊசிக்கே இசைய வேண்டியிருக்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் பொருள்களுக்கும் இதே விளைவுதான்.

புரோஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்கள், இரத்தம் ஏற்கெனவே தடித்திருப்பவர்கள், சிகிச்சை பெறாத கடும் உறக்க மூச்சடைப்பு உள்ளவர்கள் இம்மருந்தைத் தொடங்கக் கூடாது. இதயத்துக்குக் கேடு என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 45 முதல் 80 வயதுக்குட்பட்ட, இதயநோய் உள்ள அல்லது அதற்கான ஆபத்து மிகுந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் ஜெல்லையே கொண்டு நடத்தி 2023இல் வெளியான 'டிராவர்ஸ்' ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் போலி மருந்து பெற்றோரைவிடக் கூடவில்லை. ஆயினும் இதயத்துடிப்பு ஒழுங்கின்மை, நுரையீரல் இரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியன சற்றே மிகுந்திருந்தன. ஆகவே படபடப்பு, திடீர் மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த தவணைவரை காத்திராமல் வந்துவிடுங்கள்.

தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மறுபரிசோதனை உண்டு. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி வைப்போம். நாற்பதைக் கடந்தவர்களுக்குப் பி.எஸ்.ஏ. அளவும் பார்ப்போம். அன்று வழக்கம்போல் ஜெல் தடவிக்கொண்டு, இரண்டு முதல் எட்டு மணி நேரத்துக்குள் இரத்தம் கொடுங்கள். எந்தக் கையில் தடவினீர்கள் என்பதை ஆய்வகப் பணியாளரிடம் சொல்லி மறு கையை நீட்டுங்கள். இரு கைகளிலும் தடவுபவர் அன்று மட்டும் வயிற்றில் தடவி வரலாம். தோலில் ஒட்டிய மருந்து ஊசிமுனையில் கலந்துவிட்டால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்துவிட்டால் பழைய சோர்வு திரும்பும். வரும்போது மனைவியையும் அழைத்து வாருங்கள். தடவும் முறையை எங்கள் செவிலியர் இருவருக்கும் சேர்த்தே காட்டுவார்.