பழைய பொறியும் புதிய அடுக்களையும்

கருவி எதுவும் தனித்து இயங்குவதில்லை. அதனை ஏற்கும் இடமும் அதனோடு இயைந்திருத்தல் வேண்டும். இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது பாத்திரம் கழுவும் பொறியாகிய டிஷ்வாஷரின் வரலாறு. அமெரிக்க நாட்டில் 1950, 1960களில் செய்யப்பட்ட பொறிகளைத் தேடி வாங்கிச் செப்பனிட்டுத் தம் அடுக்களையில் பொருத்துவோர் இன்றும் அங்கு உளர். கனத்த எஃகும் பீங்கான் பூச்சும் கொண்ட அப்பொறிகளைக் கழற்றிப் பழுதுபார்த்தல் எளிது என்பதே அவ்விருப்பத்திற்குக் காரணம். அங்ஙனம் பொருத்துங்கால் கருதத்தக்கவற்றை ஈண்டுக் காண்போம்.

தோற்றம்

இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் நகரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் என்னும் பெண்மணி 1886 டிசம்பர் 28ஆம் நாள் இப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கம்பிச் சட்டங்களில் தட்டுகளை நிறுத்தி, அவற்றின்மீது சூடான சவர்க்கார நீரை விசையுடன் பாய்ச்சுதலே அவர் கண்ட வழி. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பரிசும் பெற்றது. உணவு விடுதிகள் வாங்கின, இல்லங்கள் வாங்கவில்லை. விலை மிகுதி ஒரு காரணம். பெரும்பாலான வீடுகளில் போதிய வெந்நீர் வசதி இல்லாமை மற்றொன்று. அன்று பொறி ஆயத்தமாயிருந்தது, வீடு ஆயத்தமாயில்லை. இன்றோ வீடு ஆயத்தம். பழம்பொறியே திருத்தத்தை வேண்டி நிற்கிறது.

இடம்

இக்கால அமெரிக்க அடுக்களைகளில் மேடை 36 அங்குல உயரமும், பொறிக்கென விடப்படும் இடம் 24 அங்குல அகலமும் உடையன. பழம்பொறிகள் அனைத்தும் இவ்வளவினவல்ல. ஆதலின் பொறியை அளந்த பின்னரே மரவேலையைத் தொடங்குதல் வேண்டும். பாத்திரங்கள் நிறைந்த அடுக்கை வெளியே இழுக்கும்போது பொறி முன்னோக்கிச் சாயாதிருக்க, அதனை மேடையின் அடிப்பகுதியோடு திருகாணியால் பிணைத்தல் இன்றியமையாதது.

நீர் வரவு

பொறிக்குரிய நீர், சிங்கிற்குச் செல்லும் வெந்நீர்க் குழாயினின்றும் கிளை பிரித்துத் தரப்படும். அக்கிளையில் தனியே அடைக்கத்தக்க வால்வு ஒன்று வேண்டும். பழம்பொறிகள் 140 பாகை ஃபாரன்ஹீட் (60 செல்சியஸ்) அளவிலான நீரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. இன்றைய வீடுகளிலோ, தோல் வெந்து போகாதிருத்தற் பொருட்டு, வெந்நீர்க் கலனை 120 பாகையில் (49 செல்சியஸ்) வைப்பதே பெருவழக்கு. எனவே பொறியை முடுக்குமுன் சிங்கின் வெந்நீர்க் குழாயைச் சிறிது நேரம் திறந்துவிட்டு, குழாயில் தங்கிய குளிர்நீரை வெளியேற்றுதல் நன்று.

கழிவுநீர்

பெருங்கவனம் வேண்டுவது இப்பகுதியே. கழிவுநீர் செல்லும் குழாயைத் தரையோடு கிடத்தினால், சிங்கில் அடைப்பு நேருங்கால் அழுக்கு நீர் பொறிக்குள் திரும்பி, கழுவிய பாத்திரங்களின்மீதே படியும். இதனைத் தடுக்க, குழாயை மேடையின் அடிவரை உயர்த்தி வளைத்து, பின்னர்க் கீழிறக்கிச் சிங்கின் கழிவுக் குழாயோடு இணைப்பர். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் நீர்வழியில் காற்றிடைவெளி அமைக்கும் கருவியும் கட்டாயம். சில பழம்பொறிகளில் நீரை வெளியேற்றும் பம்பு இல்லை. நீர் தானே வடியும். அவற்றிற்கு வடிகால் தாழ்ந்திருத்தல் வேண்டும். மேடை வரை உயர்த்தும் முறை அவற்றிற்குப் பொருந்தாது.

மின்னிணைப்பு

நீரும் மின்சாரமும் ஓருடலில் கூடும் பொறி இது. பழைய கம்பிகளின் உறை வெடித்தும் உதிர்ந்தும் இருக்கக் கூடும். சிலவற்றில் கல்நாரும் உண்டு. எர்த் இணைப்பு இல்லாத பொறியில் உள்ளே கசிவு நேரின் உலோக உடல் முழுவதும் மின்னேற்றம் பெறும். கதவைத் தொடும் கை உயிரையே இழக்க நேரும். ஆதலின் தனி மின்சுற்றும் எர்த் கம்பியும் தவிர்க்கலாகாதவை. மின்கசிவு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியை, வீட்டு டிஷ்வாஷர்களுக்கும் வேண்டுமென அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் வகுத்தது. அந்நாட்டுப் பொறியின் தேவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் நாட்டு வழங்கலோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்கும்; ஹெர்ட்ஸை மாற்றாது. எனவே அதனை இங்குக் கொணர்ந்தால் அதன் காலங்காட்டி மெதுவாகவே சுழலும்.

வெள்ளோட்டம்

நெடுநாள் கிடந்த பொறியில் ரப்பர் வளையங்கள் உலர்ந்து இறுகியிருக்கும். ஆகவே முதலில் பாத்திரமின்றி இயக்கி, அடித்தகட்டைத் திறந்து வைத்துக் கசிவைக் காணல் வேண்டும். 2010இல் அமெரிக்க மாநிலங்கள் பல சோப்புத் தூளிலிருந்து பாஸ்பேட்டை நீக்கியமையால், அன்று கிடைத்த பளபளப்பு இன்று கிட்டாமற் போகலாம். அது பொறியின் குற்றமன்று.

முடிவுரை

பழம்பொறி புதியதினும் மிகுதியாக நீரைச் செலவிடும். அதனை அறிந்தும், செம்மையுறச் செய்த பொருளைக் குப்பையில் எறியாது காக்க விழைவது போற்றத்தக்கதே. ஆயினும் நாம் காக்க வேண்டுவது பழமையின் உழைப்பை; அதன் ஆபத்தையன்று. எஃகுடலும் பீங்கான் பூச்சும் பழையனவாகவே இருக்கட்டும். கம்பியும் குழாயும் வளையமும் புதியனவாகுக. தொட்ட கை நடுங்காமலும், பருகும் நீர் மாசுறாமலும் இயங்கும் பொறியே அடுக்களையில் இடம்பெறும் தகுதி உடையது.